கோடு போடுகிறவரின் கணக்கு
(சங்க இளையர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சூதாட்டம் ஹராம் என்று சொல்ல எங்களை மேடைக்கு அழைக்க வேண்டியதில்லை. அதை நம் ஆலிம்கள் எங்களைவிட நன்றாகச் சொல்வார்கள். நாங்கள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா வாங்கிக்கொண்டு வாப்பாவின் கடைக்கே திரும்பியவர்கள். எங்களுக்குத் தெரிந்தது கொள்முதல், விற்பனை, லாபம். காற்பந்துப் பந்தயத்தையும் அந்தக் கண்ணால்தான் பார்க்கிறோம்.

தம்பிமார் சிலர் சொல்வது இது: "ஃபோர் டி, டோட்டோ எல்லாம் அதிர்ஷ்டம். காற்பந்து அப்படி இல்லை காக்கா, அறிவு. ஹேண்டிகேப்பைப் படித்துத்தான் போடுகிறோம்."

ஹேண்டிகேப் தெரியாத பெரியவர்களுக்காகச் சுருக்கமாக: பலமான அணிதான் வெல்லும் என்று எல்லாருக்கும் தெரிந்தால் எதிர்ப்பக்கம் பணம் கட்ட ஆள் வராது. ஆகவே பலமான அணியின் கணக்கில் ஒன்றரை கோலை முன்கூட்டியே கழிப்பார்கள். அந்த அணி 1-0 என வென்றாலும் அதன்மேல் கட்டியவருக்குத் தோல்விதான்.

இந்த முறை அமெரிக்காவில் பெரிய வியாபாரம். அங்கே கல்லூரிகளுக்கிடையிலான அமெரிக்கக் காற்பந்தில் 30 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் வெல்வது அதிசயமில்லை. ஆகவே யார் வெல்வார் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை புள்ளியில் என்பதே கேள்வி. அந்தப் புள்ளிக் கோட்டுக்கு வழக்கமான விலை, 100 டாலர் வெல்ல 110 டாலர் கட்டுவது. ஒருவர் இந்தப் பக்கம் 110, மற்றவர் அந்தப் பக்கம் 110, மொத்தம் 220. வென்றவருக்கு 210 போகிறது. மிச்சம் 10? ஆட்டத்தைப் பார்க்காமல் தூங்கிய பந்தய முதலாளிக்கு! 21 முறை கட்டி 11 முறை வென்றால் வரவு 1,100. மற்ற 10 தோல்விக்குச் செலவு 1,100. பாதிக்கு மேல் சரியாகச் சொல்லியும் கையில் ஒரு காசு நிற்காது.

கோடு என்பது ஆட்டத்தைப் பற்றிய ஜோசியம் அல்ல, விலை. பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் வெங்காய விலை நகர்வதுபோல, பணம் ஒரு பக்கம் குவிந்தால் அதுவும் நகரும். யாருக்குக் காயம் என்று தம்பி படிக்கும் செய்தியைக் கோடு போடுகிறவர் முன்பே படித்திருப்பார். ஆட்டக்காரர்களையும் இது விடவில்லை. 1996-இல் அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி அணியில் 13 பேர் பந்தயம் கட்டியதற்காக இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் இருவர் சொந்த அணிக்கு எதிராகவே கட்டியவர்கள்.

2014 உலகக் கிண்ணத்தின்போது சிங்கப்பூரில் வந்த விளம்பரம் பலருக்கு நினைவிருக்கும். ஜெர்மனி வெல்ல வேண்டும், தன் சேமிப்பு முழுவதையும் அப்பா அதன்மேல் கட்டிவிட்டார் என்பான் ஒரு சிறுவன். ஜெர்மனி வென்றே விட்டது! ஊரே சிரித்தது. பிறகு விளம்பரத்தை மாற்றினார்கள்: பணம் திரும்பவில்லை, அப்பா இன்னொரு முறை கட்ட நினைக்கிறார் என்றான் பையன். அதில் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை காலையில் முன்பணம் கேட்டு நிற்கும் பையன்களைக் கடையில் பார்க்கிறோம். ஊரில் உம்மாவுக்கு உடம்பு சரியில்லை, 300 வெள்ளி வேண்டும் என்பார். ஊருக்குப் பேசினால் உம்மா நல்ல சுகத்துடன் இருப்பார்கள், மூன்று மாதமாகப் பணம் வரவில்லை என்று மட்டும் சொல்வார்கள்.

கள்ளப் பந்தயத்தில் ரொக்கம் கேட்பதில்லை; கடனுக்கே கட்டலாம், கணக்கு பிறகு. அங்கிருந்து கடன்முதலை வீட்டுக்குத் தூரம் அதிகமில்லை. 2022 சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமமில்லாதவரிடம் கட்டுகிறவரும் குற்றவாளி. வேலை அனுமதியில் இருக்கும் பையனுக்கு அதன் அர்த்தம் என்னவென்று முதலாளிமாருக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே முதலாளிமாரிடம் ஒன்று கேட்கிறோம். முன்பணம் கேட்கும் பையனை விரட்டவும் வேண்டாம், உடனே எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். உட்கார வைத்து, எவ்வளவு, யாருக்கு என்று தாளில் எழுத வையுங்கள். அவர் சம்மதித்தால் சம்பளத்தில் ஒரு பகுதியை நேராக ஊருக்கு அனுப்பி வையுங்கள். இங்கே குடும்பத்துடன் இருப்பவர்களுக்கு வேறு வழி உண்டு: சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்தில் மனைவியோ பெற்றோரோ விலக்கு ஆணைக்கு விண்ணப்பிக்கலாம். அந்தப் படிவத்தை நிரப்பத் தயங்கும் தாய்மார்கள் ஜும்ஆவுக்குப் பிறகு சங்க அலுவலகம் வரலாம். எங்களில் ஒருவர் அங்கே இருப்போம், பெயர் வெளியே போகாது.

வஸ்ஸலாம்.