வட அயர்லாந்துப் பூசலின் வேர்

இயேசுபிரான் ஒருவரையே வணங்குகிறவர்கள். விவிலியத்தையே தம் மறையாகக் கொண்டவர்கள். ஒரே மொழியைப் பேசுகிறவர்கள். நிறத்தாலும் தோற்றத்தாலும் வேறு பிரித்தறிய இயலாதவர்கள். இத்தகைய இரு சாரார், ஏறத்தாழ 15 லட்சம் மக்களே வாழ்ந்த ஒரு சிறு நிலப்பகுதியில், 1968-ஆம் ஆண்டுக்குப் பின் முப்பது ஆண்டுக்காலம் ஒருவரையொருவர் பகைத்து, 3,500-க்கு மேற்பட்ட உயிர்களைப் பலி கொடுத்தனர். அந்நிலப்பகுதி வட அயர்லாந்து. அவ்விரு சாரார் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஆவர். இப்பகைக்கு மூலம் யாது என்பதே நாம் இன்று எண்ணிப் பார்க்க விழைவது.

சமய வேறுபாடே காரணம் என்பர் பலர். போப்பாண்டவரின் அதிகாரம், பூசைமுறை, குருமாரின் நிலை ஆகியவற்றில் இரு சபைகளுக்கும் கருத்து வேற்றுமை உண்டு என்பது மெய். ஆனால் அதே வேற்றுமை ஜெர்மனியிலும் ஹாலந்திலும் உண்டே! ஒரு காலத்தில் ஐரோப்பாவையே எரித்த அந்தத் தீ, பிற நாடுகளில் அணைந்த பின்னும் இந்த ஒரு மூலையில் மட்டும் கனன்று கொண்டிருந்ததற்குச் சமயத்துக்கு அப்பாற்பட்ட காரணம் இருத்தல் வேண்டும். யாருக்கு நிலம், யாருக்கு வேலை, யாருக்கு வீடு, யாருக்கு வாக்கு என்பதை முடிவு செய்யும் அடையாளமாகச் சமயம் அங்கே பயன்பட்டது. பூசலின் வேர் இதுவே.

முதலில் நிலத்தைக் காண்போம். அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில், 1609-ஆம் ஆண்டு முதல் ஆங்கிலேய அரசு ஒரு பெருங்குடியேற்றத்தை நடத்தியது. இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் புராட்டஸ்டண்டுகள் வந்தனர். மண்ணின் மைந்தர்களான கத்தோலிக்கர் தம் நிலங்களை இழந்தனர். 1641-இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தபோது குடியேறியோர் பலர் கொல்லப்பட்டனர். பின்னர் 1690-இல் பாயின் ஆற்றங்கரையில் புராட்டஸ்டண்டு அரசரான மூன்றாம் வில்லியம், கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்ஸை வென்றார். இழந்த நிலத்தின் நினைவு ஒருபுறம், படுகொலையின் நினைவு மறுபுறம். இவ்விரண்டையும் தாத்தா பேரனுக்குச் சொல்லி வைத்தார். பாயின் வெற்றியைக் கொண்டாடும் ஆரஞ்சுச் சங்கத்தார் இன்றளவும் ஆண்டுதோறும் ஜூலை 12-ஆம் நாள் முரசு முழங்க ஊர்வலம் போகின்றனர். ஒரு சாராருக்குத் திருவிழாவான அந்நாள், மறு சாராருக்குத் தோல்வியை நினைவூட்டும் நாளாகிறது.

ஆயினும் இப்பகை விதியால் எழுதப்பட்டதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் கொடுஞ்சட்டங்கள் கத்தோலிக்கருக்கு நிலம் வாங்கும் உரிமையையும் வாக்குரிமையையும் மறுத்தன. அரசுச் சபையைச் சாராத பிரெஸ்பிட்டீரியப் புராட்டஸ்டண்டுகளும் பதவிகளினின்று விலக்கப்பட்டனர். இன்னல் பொதுவானபோது நட்பும் பிறந்தது. 1791-இல் பெல்பாஸ்ட் நகரில் ஐக்கிய ஐரியர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் பிரெஸ்பிட்டீரியர்களே. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஐரியர் என்ற ஒரே பெயரால் இணைய வேண்டும் என்பது அச்சங்கத்தின் நோக்கம். 1798-இல் அவர்களது புரட்சி அடக்கப்பட்டது. ஆனால் ஒற்றுமை இயலாதது அன்று என்பதற்கு அது சான்றாக நிற்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் தொழிலும் நெசவும் பெல்பாஸ்டை வளப்படுத்தின. நல்ல ஊதியம் தரும் வேலைகள் பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகளிடம் இருந்தன. அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்கினால் கத்தோலிக்கப் பெரும்பான்மையின் கீழ்த் தம் வாழ்வும் சமயமும் நலிவுறும் என அவர்கள் அஞ்சினர். 1912-இல் அதனை எதிர்த்து 4 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆடவரும் பெண்டிரும் உறுதிமொழியில் கையொப்பமிட்டனர். 1920-இல் இயற்றிய சட்டத்தால் அயர்லாந்து பிரிக்கப்பட்டு, ஆறு மாவட்டங்களைக் கொண்ட வட அயர்லாந்து 1921-இல் உருவாயிற்று. புராட்டஸ்டண்டுகள் மூன்றில் இரு பங்கினராகவும் கத்தோலிக்கர் ஒரு பங்கினராகவும் அமையுமாறு எல்லை வகுக்கப்பட்டது. தீவு முழுவதும் நோக்கின் முன்னவர் சிறுபான்மையினர். எல்லைக்குள் நோக்கின் பின்னவர் சிறுபான்மையினர். இவ்வாறு இரு சாராரும் சிறுபான்மைக்குரிய அச்சத்தோடு வாழ்ந்தது இப்பூசலின் தனித்தன்மையாகும்.

அச்சம் ஆட்சிமுறையாக மாறிய விதத்தை அறிய ஒரே ஒரு நகரம் போதும். கத்தோலிக்கர் அதனை டெரி என்பர்; புராட்டஸ்டண்டுகள் லண்டன்டெரி என்பர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம்போன்றோர்க்கு இது ஒரு சங்கடம். எப்பெயரை எழுதினாலும் ஒரு பக்கம் சேர்ந்தவராகி விடுகிறோம்! அந்நகரில் கத்தோலிக்கரே பெரும்பான்மையினர். ஆயினும் நகராட்சி புராட்டஸ்டண்டுகளின் ஒன்றியக் கட்சியிடமே இருந்தது. எங்ஙனம்? நகரை மூன்று வட்டங்களாகப் பிரித்தனர். கத்தோலிக்கரில் பெரும்பாலோரை ஒரே வட்டத்தில் அடக்கி அதற்கு 8 இடங்கள் அளித்தனர். மற்ற இரு வட்டங்களுக்கு 8, 4 என 12 இடங்கள். ஆக 20 இடங்களில் 12 ஒன்றியக் கட்சிக்கே உறுதியாயின.

இதனோடு மற்றொரு விதியும் சேர்ந்தது. உள்ளாட்சித் தேர்தலில் வீட்டுக்கு உரியவருக்கும் அவர்தம் வாழ்க்கைத் துணைக்கும் மட்டுமே வாக்கு. உடன் வாழும் வளர்ந்த மக்களுக்கும் உள்வாடகைக்கு இருப்போருக்கும் வாக்கில்லை. ஏழைப் புராட்டஸ்டண்டுகளும் இதனால் வாக்கிழந்தனர் எனினும், பெருங்குடும்பங்களாக நெருங்கி வாழ்ந்த கத்தோலிக்கரையே இது மிகுதியும் தாக்கிற்று. ஆகவே நகராட்சி ஒரு வீட்டை ஒதுக்கினால், வாக்கையும் சேர்த்தே ஒதுக்கியது. கத்தோலிக்கருக்கு வீடு தந்தால் தேர்தல் கணக்கு மாறிவிடும். செங்கல்லும் சுண்ணாம்பும் அரசியலான கதை இதுதான்.

1968 ஜூன் மாதத்தில், காலிடன் என்னும் சிற்றூரில், கத்தோலிக்கக் குடும்பங்கள் குழந்தைகளோடு வீட்டுக்குக் காத்திருக்கையில், மணமாகாத இளம் புராட்டஸ்டண்டுப் பெண் ஒருவருக்கு வீடு ஒதுக்கப்பட்டது. சட்டமன்ற உறுப்பினர் ஆஸ்டின் கரி அவ்வீட்டினுள் புகுந்து அமர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார். காவலர் அவரை வெளியேற்றினர். அவ்வாண்டு அக்டோபர் 5-ஆம் நாள் டெரியில் உரிமை கேட்டு ஊர்வலம் சென்றோரைக் காவலர் தடி கொண்டு தாக்கினர். அவர்கள் கேட்டது வேதத்துக்குப் புதிய விளக்கமன்று. வீடும் வேலையும் ஒருவருக்கு ஒரு வாக்குமே.

அதன் பின் நிகழ்ந்தவை துயரமானவை. 1969-இல் பிரிட்டிஷ் படை வந்திறங்கியது. 1972 ஜனவரி 30-இல் டெரியில் ஊர்வலம் சென்றோர்மீது படையினர் சுட்டதில் அன்றே 13 பேர் மாண்டனர். ஐரியக் குடியரசுப் படையின் வெடிகுண்டுகளும், அதற்கெதிரான புராட்டஸ்டண்டு ஆயுதக் குழுக்களின் துப்பாக்கிகளும் கடைத்தெருவிலும் மதுக்கடையிலும் எளியோரைக் கொன்றன. உரிமை கேட்ட குரல் வெடியோசையில் அமுங்கிப் போயிற்று.

பிரிந்து வாழும் வழக்கம் இப்பகையைப் பேணி வளர்த்தது. தனித் தெரு, தனிப் பள்ளி, தனி விளையாட்டு, அவரவருக்குள் மணவினை. பெயரைக் கேட்டும், படித்த பள்ளியைக் கேட்டும், ஆங்கில நெடுங்கணக்கின் எட்டாம் எழுத்தை ‘எய்ச்’ என்கிறாரா, ‘ஹெய்ச்’ என்கிறாரா என்று செவிமடுத்தும் ஒருவர் எச்சமயத்தவர் என்று ஊகித்தனர். அடுத்த தெருவில் வாழ்வோரை அறியாதவர் அவரைப் பற்றி எதனையும் நம்புவர்.

மருந்தும் வேரை நோக்கியே சென்றது. 1971-இல் வீடு ஒதுக்கும் அதிகாரம் உள்ளாட்சிகளிடமிருந்து எடுக்கப்பட்டுத் தேவையை அளந்து வழங்கும் பொது வாரியத்திடம் அளிக்கப்பட்டது. 1989-இல் வேலை வழங்குவோர் இரு சாராரின் எண்ணிக்கையையும் கணக்குக் காட்ட வேண்டுமெனச் சட்டம் வந்தது. 1998 ஏப்ரல் 10-இல் பெரிய வெள்ளி உடன்பாடு கையெழுத்தாயிற்று. வாக்களித்தோரில் 71 விழுக்காட்டினர் அதனை ஏற்றனர். பெரும்பான்மையோர் இசைந்தாலன்றி நாட்டின் நிலை மாறாது. ஒருவர் தம்மை ஐரியர் எனவோ பிரிட்டிஷார் எனவோ இரண்டுமெனவோ கொள்ளலாம். ஆட்சியை இரு சாராரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பன அதன் சாரம். அதற்கு உழைத்த ஜான் ஹியூம், டேவிட் டிரிம்பிள் ஆகிய இருவருக்கும் அவ்வாண்டின் அமைதிக்கான நோபெல் பரிசு கிடைத்தது. ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் புராட்டஸ்டண்டு.

எல்லாம் முடிந்துவிட்டதெனக் கூறுவதற்கில்லை. பெல்பாஸ்டில் இரு சாராரின் தெருக்களுக்கிடையே எழுப்பிய உயர்ந்த சுவர்கள் பல இன்றும் நிற்கின்றன. இரு சமயப் பிள்ளைகளும் சேர்ந்து பயிலவென்றே அமைந்த பள்ளிகளில், மாணவரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்தவரே பயில்கின்றனர். 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கத்தோலிக்கப் பின்னணியினர் 45.7 விழுக்காடாகவும், புராட்டஸ்டண்டுப் பின்னணியினர் 43.5 விழுக்காடாகவும் இருந்தனர். எந்த எண்ணிக்கைக்கு அஞ்சி எல்லை வகுத்தார்களோ, அந்த எண்ணிக்கையே நூறாண்டில் மாறிவிட்டது. எண்ணிக்கையை நம்பிய பாதுகாப்பு நிலைப்பதன்று. நீதியை நம்பிய பாதுகாப்பே நிலைக்கும்.

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நாம் இதனை எளிதில் உணரக்கூடியவர்கள். வாடகைக்கு வீடு கேட்கும்போது முதலில் நம் பெயரையும் ஊரையும் கேட்பவர் உண்டு. அக்கேள்வி அறிமுகத்தோடு நின்றால் உறவு பிறக்கும். அதுவே விடையைத் தீர்மானித்தால் மனத்தில் முள் தைக்கும். நம் சொந்த ஊரில் வீடு தேடி வரும் அயலாரிடம் நாம் கேட்கும் கேள்விக்கும் இது பொருந்தும். இரு சமூகங்கள் அருகருகே வாழும் இடங்களிலெல்லாம் வேற்றுமை இருந்தே தீரும். வீட்டுக்கும் வேலைக்கும் வாக்குக்கும் அவ்வேற்றுமையை அளவுகோலாக்காமல் காப்பது மக்கள் கையிலும் அவர்தம் ஆட்சியின் கையிலும் உள்ளது. வட அயர்லாந்து இதனைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. அவ்விலையை நாமும் கொடுத்துத்தான் கற்க வேண்டுமென்பதில்லை.