உலகத்துல 134-வது இடம்

எங்க வியாசர்பாடில டென்னிஸ் பால்னா அது கிரிக்கெட் ஆடுற பால். ஃபுட்பால், கேரம் எல்லாம் தெருவுக்குத் தெரு உண்டு. டென்னிஸ் ராக்கெட்டை நான் தொட்டதே வேலைக்குப் போன பிறகுதான்.

2022 செப்டம்பர்ல சென்னை ஓபன் பெண்கள் போட்டி நடந்துச்சு. வியாசர்பாடி ஜீவால ரயில் ஏறி, சென்ட்ரல்ல இறங்கி, பார்க்ல மாறி நுங்கம்பாக்கம் போனேன். பக்கத்து சீட்ல இருந்த பெரியவர், "தம்பி, நம்ம கோயம்புத்தூர் நிருபமா தெரியுமா?"ன்னு கேட்டார். எனக்குத் தெரியல. கூச்சமா போச்சு.

நிருபமா வைத்தியநாதன். 1976-ல பிறந்தவர். அப்பா ரஞ்சி கிரிக்கெட் ஆடியவர், மகளுக்கு அவரே கோச். 1998 ஆஸ்திரேலிய ஓபன் முதல் சுற்றுல இத்தாலியோட குளோரியா பிட்ஸிகினியை ஜெயிச்சார். ஓபன் எராவுல கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் மெயின் டிராவுல ஒரு மேட்ச் ஜெயிச்ச முதல் இந்தியப் பெண் இவர்தான். சானியா மிர்சா அதே மெல்போர்ன்ல மூணாவது சுற்றுக்குப் போனது இதுக்கு ஏழு வருஷம் கழிச்சு. அடுத்த சுற்றுல நிருபமா சாண்டா ரூபின்கிட்ட தோத்தார். அதே வருஷம் பாங்காக் ஆசிய விளையாட்டுல மகேஷ் பூபதியோட சேர்ந்து கலப்பு இரட்டையர் வெண்கலம்.

அவரோட பெஸ்ட் ரேங்க் 134. நான் ரொம்ப நேரம் யோசிச்சது இந்த நம்பரைத்தான். உலகத்துலயே 134-வது சாஃப்ட்வேர் எஞ்சினியர்னு ஒருத்தர் இருந்தா, கம்பெனிங்க அவர் வீட்டு வாசல்ல க்யூ கட்டும். டென்னிஸ்ல கதை வேற. கிராண்ட்ஸ்லாம் மெயின் டிராவுல மொத்தமே 128 பேர். ரேங்க்கை வச்சு நேரா உள்ள போறவங்க சுமார் நூறு பேர்தான். மத்தவங்க தகுதிச்சுற்று ஆடணும், இல்ல வைல்டு கார்டு கிடைக்கணும். மாசச் சம்பளம் கிடையாது. ஃப்ளைட், ஹோட்டல், கோச், ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுறதுன்னு எல்லாம் சொந்தக் காசு. முதல் சுற்றுல தோத்தா அடுத்த ஊருக்கு டிக்கெட் போடணும். அவர் சின்ன வயசுலயே ஊரை விட்டு ஐரோப்பா போய், லக்சம்பர்க்ல தங்கி ஆடினார். ஸ்பான்சர் தேடுற வேலையும் ஆட்டக்காரருடையதுதான்!

கல்யாணமாகி, குழந்தை பிறந்து, 33 வயசுல திரும்பி வந்து 2010 டெல்லி காமன்வெல்த்ல இந்தியாவுக்கு ஆடினார். எனக்கு மெல்போர்னைவிட இதுதான் பெருசாப் படுது. நான் 28 வயசுலயே ஜிம்முக்கு லீவு சொல்றவன். அவர் எழுதின சுயசரிதை பேரு 'தி மூன்பாலர்'. மூன்பால்னா பந்தை வானத்துக்குத் தூக்கி, எதிராளியோட பொறுமையைச் சோதிக்கிற ஷாட்.

எங்க தெருவுல ஒரு அக்கா மாவட்ட அளவுல ஃபுட்பால் ஆடினாங்க. காலேஜ் ரெண்டாவது வருஷம் விட்டுட்டாங்க. "இதுல என்ன வரும்"னு வீட்ல கேட்டாங்களாம். அப்போ நானும், "நல்லதுதான்க்கா, படிங்க"ன்னு சொன்னேன். இந்த எபிசோடுக்காகப் போன வாரம் அவங்ககிட்ட பேசினேன். நிருபமா கதையை முழுசா கேட்டுட்டு, "அவங்க அப்பா கடைசி வரைக்கும் கூட இருந்தாராடா?"ன்னு மட்டும் கேட்டாங்க.