பொறுத்துத்தான் ஆக வேண்டுமா இந்த வலி?



மாதவிடாய் வயிற்று வலி என்று தலைப்பைச் சொன்னதுமே, “இது பெண்கள் சமாச்சாரம்” என்று எழுந்து போகத் தயாராகும் அப்பாமார்கள் தயவுசெய்து உட்காருங்கள். உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

கிள்ளானில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை ஐந்தரை மணி. பள்ளி வேன் வர இன்னும் அரை மணி நேரம்தான். படிவம் ஐந்தில் படிக்கும் பெண் கட்டிலில் சுருண்டு கிடக்கிறாள். அன்றைக்குத் தேர்வு. “முடியலம்மா” என்கிறாள். அம்மா கோடாலித் தைலத்தை வயிற்றில் தேய்த்து விடுகிறார். அடுப்படியிலிருந்து பாட்டியின் குரல் வருகிறது: “நாங்கள்லாம் இதோடதான் பெரட்டுக்குப் போனோம். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எதையும் தாங்க முடியல.”

பாட்டி சொல்வது பொய்யல்ல. காப்பார், மேரு, கேரித்தீவு என்று கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்களில் நம் பெண்கள் இருட்டோடு எழுந்து பெரட்டுக் களத்தில் நின்றவர்கள். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. ஆனால் பாட்டிக்கு வலிக்கவில்லை என்று யார் சொன்னது? வலித்தது. சொல்லிப் பயனில்லை என்பதால் வாயை மூடிக்கொண்டார். அன்று அவருக்குக் கிடைக்காத வழிகள் இன்று பேத்திக்கு இருக்கின்றன. வழி இருக்கும்போதும் பொறுத்துக்கொள் என்றால் என்ன நியாயம்?

முதலில் வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கருப்பையின் உட்சுவர் கழன்று வெளியேறும் நேரத்தில் ‘புரோஸ்டாகிளாண்டின்’ என்ற பொருள் அங்கே சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. பிழியும்போது தசைக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைகிறது, அதுதான் வலி. இந்தப் பொருள் அதிகமாகச் சுரக்கும் பெண்ணுக்கு வலியும் அதிகம். சிலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருவதும் இதனால்தான். ஆகவே இது மனப்பிரமையும் அல்ல, சோம்பேறித்தனமும் அல்ல.

ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் இந்தச் சுரப்பைத் தடுத்தே வலியைக் குறைக்கின்றன என்பதை 1971-இல் கண்டறிந்தவர் இங்கிலாந்தின் ஜான் வேன். புரோஸ்டாகிளாண்டின் ஆராய்ச்சிக்காக 1982-இல் அவருக்கும் சுவீடனைச் சேர்ந்த இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஐபுபுரோஃபென், போன்ஸ்டான் என்ற பெயரில் நம் வீடுகளில் தெரிந்த மெஃபெனாமிக் ஆசிட் ஆகியவையும் இதே வழியில் வேலை செய்பவைதான்.

இதில் பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. வலி உச்சத்துக்குப் போய், பிள்ளை அழுத பிறகுதான் மாத்திரையைத் தேடுகிறோம். சுரந்து முடித்ததைத் தடுப்பது எப்படி? இரத்தப்போக்கு தொடங்கியதுமே, அல்லது வரப்போகிறது என்று உடம்பு சொல்லும்போதே, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எடுத்தால்தான் நல்ல பலன். இரண்டு மூன்று நாள்களுக்கு, மருந்தாளுநர் சொன்ன அளவு போதும். “மாத்திரை பழகிப்போகும், பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது” என்ற பயம் வேண்டாம். மாதத்தில் இரண்டு மூன்று நாள் எடுப்பதால் அப்படியெல்லாம் ஆகாது.

ஆனால் எல்லாருக்கும் இது ஒத்துக்கொள்ளாது. குடற்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ஆஸ்பிரின் சாப்பிட்டால் ஆஸ்துமா கூடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. நம் சிலாங்கூர்க்காரர்கள் இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். மாதவிடாயோடு காய்ச்சலும் சேர்ந்து வந்தால் இந்த மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். அது டிங்கியாக இருந்தால் இரத்தக் கசிவு அதிகமாகிவிடும். அந்த நேரத்தில் பாராசெட்டமோல் மட்டும் கொடுத்து, இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்குப் பாட்டியின் ஒத்தடமே இருக்கிறது. உப்பை வறுத்துத் துணியில் முடிந்து கொடுத்தாலும் சரி, சுடுநீர்ப் பை வைத்தாலும் சரி. அடிவயிற்றில் ஒட்டிக்கொள்ளும் வெப்பப் பட்டையை 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஐபுபுரோஃபெனோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 39 டிகிரி அளவு மிதமான சூடு மாத்திரைக்கு இணையாக வலியைக் குறைத்தது. தோல் கொப்பளிக்கும் அளவுக்குச் சூடு தேவையில்லை. இஞ்சிக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. வாரத்தில் மூன்று நாள் முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தாலோ உடற்பயிற்சி செய்தாலோ, நாளடைவில் வலி தணிகிறது. உளுத்தங்களி? நல்ல சத்துணவு, தாராளமாகக் கிண்டிக் கொடுங்கள். வலிக்கு மருந்தாக அதை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள்.

இவ்வளவு செய்தும், இரண்டு மூன்று மாதம் சரியான நேரத்தில் மாத்திரை எடுத்தும் அடங்காத வலி என்றால், அது வேறு கதை. வருடத்துக்கு வருடம் வலி கூடுகிறதா? மாதவிடாய் இல்லாத நாள்களிலும் வலிக்கிறதா? அந்த நாள்களில் மலம், சிறுநீர் கழிக்கும்போது வலிக்கிறதா? மணிக்கொரு முறை பேட் மாற்ற வேண்டியிருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். கருப்பைக் கட்டியாக இருக்கலாம். கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோயாகவும் இருக்கலாம். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு, உலகம் முழுவதும் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதைக் கண்டுபிடிக்கவே பலருக்குப் பல ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. “கல்யாணம் ஆனா சரியாயிடும்” என்று நாம் தள்ளிப்போடுவதும் அதற்கு ஒரு காரணம். சரியாகாது. பிள்ளைப்பேறு தாமதமாகும்போதுதான் சில வீடுகளில் நோயே தெரியவருகிறது.

“கல்யாணம் ஆகாத பிள்ளையை என்ன சோதனை செய்வாங்களோ” என்று தாய்மார்கள் தயங்குகிறார்கள். வயிற்றின் மேலேயே ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். உள்சோதனை வேண்டாம் என்று தயங்காமல் சொல்லலாம். சில பெண்களுக்கு மருத்துவர் கருத்தடை மாத்திரையை எழுதிக் கொடுப்பார். பெயரைப் பார்த்து அதிர வேண்டாம். கருப்பையின் உட்சுவர் தடிப்பதை அது குறைக்கிறது, அதனால் வலியும் குறைகிறது. நிறுத்தினால் கருத்தரிக்கும் தன்மை திரும்பிவிடும். ஒற்றைத் தலைவலி, இரத்தக் கட்டு போன்ற தொல்லை உள்ளவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பீகார் அரசு 1992-லேயே தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் சிறப்பு விடுப்பு கொடுத்தது. அண்டை நாடான இந்தோனேசியாவின் சட்டத்திலும் அப்படி உண்டு. மலேசியாவில் மாதவிடாய்க்கென்று தனி விடுப்பு இல்லை. இருப்பது 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் தரும் மருத்துவ விடுப்புதான். இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர்களுக்கு வருடத்துக்கு 14 நாள். மாதம் ஒரு நாள் எம்.சி. எடுத்தாலே பன்னிரண்டு நாள் போய்விடும். பிறகு காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான் கட்டணம். போவதற்கு முன் இரண்டு மூன்று மாதக் குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்தத் தேதி வந்தது, எத்தனை நாள் வலித்தது, என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, பள்ளிக்கு எத்தனை நாள் மட்டம். மருத்துவர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

அப்பாமார்களுக்கு வேலை இருக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னது நினைவிருக்கும். மகளின் தேர்வு அட்டவணையை நாள்காட்டியில் குறிக்கும்போது, அந்த நாள்களையும் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாத்திரை வீட்டில் இல்லையென்றால் முதல் நாளே போய் வாங்கி வந்துவிடுங்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்கு மருந்தகம் திறந்திருக்காது.