காலை உணவும் ஒரு மாத்திரையும்

புராஸ்டேட் புற்றுநோய் வளர்வது பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனின் பலத்தில்தான். அதைக் குறைத்தால் முற்றிய நோயும் அடங்கும் என்று 1941-இல் காட்டிய சிகாகோ பல்கலைக்கழக மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ், 1966-இல் நோபல் பரிசு பெற்றார்.

அதே பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அந்த ஹார்மோன் சுரப்பதையே தடுக்கும் அபிராடெரோன் மாத்திரையை வெறும் வயிற்றில் 1000 மில்லிகிராம் விழுங்குவதே வழக்கம். இவர்கள் கொழுப்பு குறைந்த காலை உணவோடு 250 மில்லிகிராம்தான் கொடுத்தார்கள். நோயின் போக்கைக் காட்டும் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை அளவு ஏறக்குறைய அதேபோல் இறங்கியது! உணவு சேரும்போது உடம்பு மருந்தைக் கூடுதலாக ஏற்றுக்கொள்கிறது.

72 பேரிடம் நடந்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் மேலூரிலோ உசிலம்பட்டியிலோ மாதாமாதம் மாத்திரை வாங்கும் குடும்பத்துக்குச் செலவு கால்பங்காவது எவ்வளவு பெரிய ஆறுதல்! அளவை நீங்களாக மாற்றிவிடாதீர்கள். சிகிச்சை தரும் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.