தனியார் நிலத்தில் ஒரு குட்டை
(உரையின் வாசகம்)

அந்தமான் தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயினும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை அங்கே தோட்டங்கள் வாடுகின்றன. குறைவாக இருப்பது மழையன்று. அதைத் தேக்கும் இடமே. மே முதல் டிசம்பர் வரை பெய்யும் நீர் குன்றுச் சரிவுகளில் விரைந்தோடிக் கடலைச் சேர்ந்துவிடுகிறது. 2024 ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரில், மின்னி பே போன்ற கடலோரப் பகுதிகளில் சிறிது நிலம் உடையவருக்குச் சொந்தக் குட்டை பெருந்துணையாகும்.

மேல்வாய் 20 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள குட்டையை, ஒன்றுக்கு ஒன்றரை என்ற கரைச்சரிவுடன் 3 மீட்டர் ஆழத்திற்கு வெட்டினால், சுமார் 5 லட்சம் லிட்டர் நீர் கொள்ளும். நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் ஆவியாவதாகக் கொண்டால், நான்கு மாதங்களில் நீர்மட்டம் அரை மீட்டர் தாழும். மொத்த நீரில் நான்கில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே பரப்பைக் குறைத்து ஆழத்தைக் கூட்டுவதே பொதுவிதி.

கடலோரத்தில் இவ்விதிக்கு ஓர் எல்லை உண்டு. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலம் ஏறத்தாழ 1 மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் முதலிய தாழ்வான பகுதிகளில் கடல்நீர் புகுந்தது. ஆழம் மிகுந்தால் உப்புநீர் ஊறும். முதலில் சோதனைக் குழி ஒன்று வெட்டி, கடல் ஏற்றத்தின்போது அதில் ஊறும் நீரைச் சுவைத்துப் பார்த்தல் வேண்டும். உவர்ப்புத் தென்பட்டால் ஆழத்தைக் குறைத்து, வெட்டிய மண்ணைக் கொண்டு கரையை உயர்த்துவதே தக்கது.

கரைமண்ணைப் புல், வேர் நீக்கி, அடுக்கடுக்காக இட்டுத் திமிசு கொண்டு இறுக்க வேண்டும். மணற்பாங்கான அடித்தளத்திற்குப் பிசைந்த களிமண் பூச்சு தேவை. நீர் வரும் வழியில் வண்டல் தங்கச் சிறு குழியும், மிகைநீர் வெளியேறப் புல் வளர்த்த கலிங்கும் இன்றியமையாதவை. கலிங்கு இல்லாத கரை முதற்பெருமழையிலேயே உடையக்கூடும். குழந்தைகளின் பாதுகாப்பிற்கு வேலியும் வேண்டும்.

வெட்டுவது ஓராண்டு வேலை. பேணுவது ஆண்டுதோறும் செய்யும் வேலை. ஏப்ரலில் நீர் வற்றியபோது தூர் வாருதல், மே மழைக்கு முன் வரத்துக்கால் திருத்துதல், மழை நாட்களில் நண்டு வளைகளையும் கசிவையும் கண்டறிந்து அடைத்தல், கொசு பெருகாதிருக்கப் பாசி நீக்கிக் குப்பி மீன் விடுதல் ஆகியவை இதில் அடங்கும்.

தமிழகத்தில் ஏரி, கண்மாய்களை ஊரார் கூடிப் பேணிய முறைக்குக் குடிமராமத்து என்று பெயர். தனியார் குட்டைக்கு ஊர் இல்லை. ஒரு குடும்பமே குடிமராமத்து. எனவே குட்டைக்கு உதவி வழங்கும் அதிகாரிகள் வெட்டிய மண்ணை அளப்பதோடு நின்றுவிடலாகாது. மூன்றாம் ஆண்டு ஏப்ரலில் அங்கே எவ்வளவு நீர் நிற்கிறது என்பதே திட்டத்தின் உண்மையான அளவுகோல்.