வேலை பார்த்துக்கொண்டே ஆக்குபேஷனல் தெரபி படிக்க முடியுமா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



செயலாளர் சார் என்னைப் பேசச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. போன இரண்டு மாதத்தில் நம் குடியிருப்பில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் பள்ளி ஆசிரியை. ஒருவர் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். இன்னொருவர் வீட்டில் மாமியாரைக் கவனித்துக்கொள்பவர். "இருக்கிற வேலையை விடாமல் பார்ட் டைமில் ஆக்குபேஷனல் தெரபி படிக்கலாமா?" என்பதுதான் கேள்வி. ஒருவர் கையில் ஒரு நோட்டீஸும் இருந்தது. சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு, ஆறு மாதத்தில் டிப்ளமோ, முடித்த கையோடு தெரபிஸ்ட் என்று போர்டு மாட்டலாம், இந்த மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் சலுகை. அந்த முன்பணம் அவருடைய இரண்டு மாதச் சம்பளம். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் இந்தப் படிப்பைப் பார்ட் டைமில் படித்து தெரபிஸ்ட் ஆக முடியாது. தயவுசெய்து முன்பணம் கட்டாதீர்கள்.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால், இது என்ன வேலை என்பதைச் சொல்ல வேண்டும். ஓ.டி. என்றால் நம் ஊர் மில் தொழிலாளிக்கு ஓவர்டைம், ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர். "நான் ஓ.டி. படித்திருக்கிறேன்" என்று சொன்னபோது, "ஆபரேஷனில் கூட நிற்பீர்களா?" என்று கேட்டவர்கள் இந்த ஹாலிலேயே இருக்கிறார்கள். தமிழில் தொழில்வழி சிகிச்சை, செயல்முறை சிகிச்சை என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு இரண்டிலும் முழுத் திருப்தி கிடையாது. தொழில் என்றதும் சம்பளம் வாங்கும் வேலை மட்டும் நினைவுக்கு வருகிறது. பல் துலக்குவது, சோற்றைப் பிசைந்து சாப்பிடுவது, சேலைக் கொசுவம் வைப்பது, கழிப்பறையில் உட்கார்ந்து எழுந்திருப்பது, பேரனைத் தூக்குவது எல்லாமே இந்தச் சிகிச்சையின் கணக்கில் வரும்.

கை கால் விழுந்துபோன ஒருவருக்கு இயன்முறை மருத்துவர் தசைக்கும் மூட்டுக்கும் பயிற்சி கொடுத்து நடக்க வைப்பார். நடந்து சமையலறை வரைக்கும் வந்துவிட்ட அந்த அம்மா, ஒரே கையால் எப்படி வெங்காயம் நறுக்குவார்? அந்த இடத்தில் எங்கள் வேலை வருகிறது. ஒரு வெட்டுப்பலகையில் துருப்பிடிக்காத ஆணி இரண்டைக் கீழிருந்து மேலாக அடித்து, வெங்காயத்தை அதில் குத்தி நிறுத்திவிட்டால் இன்னொரு கை தேவையில்லை. நம் ஊர்த் தச்சர் அரை மணி நேரத்தில் செய்து தருவார். கரண்டிக் காம்பைப் பிடிக்க முடியாதவருக்கு அதன்மேல் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிப் பருமனாக்கித் தருகிறோம். பார்ப்பதற்கு எளிமையாக இருக்கும். எந்தக் கைக்கு, எந்தக் கட்டத்தில், எவ்வளவு பருமன் என்று தெரிந்துகொள்ளத்தான் வருடக்கணக்கில் படிக்கிறோம்.

நம் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன்னே கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறார்கள். ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிய சரத்தில் காய்க்கும். குனிந்தோ உட்கார்ந்தோ, பருவம் வந்த காயை மட்டும் விரல் நுனியால் பறிக்க வேண்டும். கம்பத்துத் திராட்சைத் தோட்டத்தில் நேர் எதிர். பந்தலுக்குக் கீழே நின்று, கையைத் தலைக்குமேல் தூக்கியபடி கவாத்து செய்ய வேண்டும், குலை வெட்ட வேண்டும். விரல் நரம்பு அறுந்து தைக்கப்பட்ட ஒரு பெண்ணும், தோள்பட்டை இறுகிப்போன ஒருவரும் என்னிடம் வந்தால், இருவருக்கும் ஒரே பயிற்சித் தாளைக் கொடுத்து அனுப்ப முடியாது. ஒருவருக்கு நுனிவிரல் பிடி வேண்டும், மற்றவருக்குத் தலைக்குமேல் போய் அங்கேயே நிற்கிற கை வேண்டும். இது வாய்க்கவில்லையென்றால் அவர்கள் வீட்டில் வாரக்கூலி நின்றுவிடும்.

இந்த எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதிதும் கிடையாது. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையில் சரிசெய்தார். விரல் நிமிர்ந்தும் அவர்களுக்குப் பிழைப்பு கிடைக்கவில்லை. அதனால் நவஜீவ நிலையம் என்று ஒன்றைத் தொடங்கி, தச்சு வேலை, பொம்மை செய்வது என்று கற்றுக்கொடுத்தார்கள். அங்கே பணிபுரிந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்தக் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து வேலூரில் அந்தத் துறையை வளர்த்ததும் அவர்தான்.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

பி.ஓ.டி. என்கிற இளங்கலைப் படிப்பு நம் மாநிலத்தில் நெடுங்காலமாக நாலரை வருடம். நான்கு வருடம் வகுப்பும் மருத்துவமனையும், ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல், நரம்பியல், எலும்பியல், குழந்தை நலம், மனநலம் எல்லாம் உண்டு. ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். 2021இல் துணை மருத்துவத் தொழில்களுக்காகத் தனிச் சட்டம் வந்து, அதன்படி ஒரு தேசிய ஆணையமும் அமைந்திருக்கிறது. ஆக்குபேஷனல் தெரபியும் அந்தச் சட்டத்தில் அடக்கம். அந்தச் சட்டத்தில் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. 2025இல் அறிவித்துவிட்டது. உளவியல், ஊட்டச்சத்துப் படிப்புகள்கூட அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே 'ஆன்லைனில் தெரபி பட்டம்' என்று யாராவது போன் செய்தால் தாராளமாகத் துண்டித்துவிடலாம்.

"லண்டனில் என் சித்தி மகள் ஆஸ்பத்திரி வேலை பார்த்துக்கொண்டே இதைப் படிக்கிறாளே, அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பிரிட்டனில் பார்ட் டைம் பட்டப்படிப்பு உண்மையாகவே இருக்கிறது. தெரபி உதவியாளராக இருப்பவரை, வேலை கொடுத்த நிறுவனமே சம்பளத்தோடு படிக்கவைக்கும் ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் அங்கேயும் மருத்துவமனைப் பயிற்சியைக் குறைக்க மாட்டார்கள். உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் கூட்டமைப்பு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 1,000 மணி நேரம். பார்ட் டைம் என்றால் வருடங்கள் நீளும், அவ்வளவுதான்.

இப்போது நோட்டீஸை எடுங்கள். சனி, ஞாயிறு தலா நான்கு மணி நேரம் என்று போட்டிருக்கிறது. வாரத்துக்கு 8 மணி. ஆறு மாதத்துக்கு 26 வாரம். மொத்தம் 208 மணி நேரம், அதுவும் பாடம், தேர்வு, டீ இடைவேளை எல்லாம் சேர்த்து. இதே வேகத்தில் அந்த 1,000 மணி நேரப் பயிற்சியை மட்டும் முடிக்கவே 125 வாரம் ஆகும், கிட்டத்தட்ட இரண்டரை வருடம்.

மணிக்கணக்கை ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறேன் என்றால், அரைகுறைப் பயிற்சியின் விளைவைக் கையில் தொட்டுப் பார்த்திருக்கிறேன். பக்கவாதம் வந்தவரின் தோள்மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் தசைகள் தளர்ந்திருக்கும். கட்டிலிலிருந்து தூக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு நழுவும், வலி மாதக்கணக்கில் போகாது. அந்த வலிக்குப் பயந்தே கையை அசைக்கவிடாதவர்கள் இருக்கிறார்கள். படுத்தவாக்கில் தண்ணீர் புகட்டினால் புரை ஏறி, நுரையீரலில் சளி கட்டி, உயிருக்கே ஆபத்தாகலாம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குச் சோறு ஊட்டுவதிலும் இதே ஆபத்து. இவற்றை வெள்ளைப் பலகையில் எழுதிப்போட்டுக் கற்றுக்கொடுக்க முடியாது. பக்கத்தில் ஒரு மூத்தவர் நின்று, "கையை எடும்மா, இப்படிப் பிடி" என்று நூறு முறை திருத்த வேண்டும்.

வயதாகிவிட்டதே என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி. இந்தத் தொழிலை இந்தியாவில் ஊன்றியவரே நடுவயதில் படித்தவர்தான். கமலா நிம்ப்கர், 1900இல் அமெரிக்காவில் பிறந்தவர், பிறந்த வீட்டுப் பெயர் எலிசபெத் லண்டி. இந்தியரைத் திருமணம் செய்து பம்பாய் வந்தார், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். நாற்பதைத் தாண்டிய பிறகு அமெரிக்கா போய் ஆக்குபேஷனல் தெரபி படித்துத் திரும்பி, 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் நாட்டின் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952இல் உலகக் கூட்டமைப்பை நிறுவிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

ஆனால் அவருக்குக் கிடைத்த வசதி எல்லோருக்கும் கிடைக்காது. தேனியில் வீட்டுக்கடனும் இரண்டு பிள்ளைகளும் இருக்கும் ஒருவரிடம், வேலையை விட்டுவிட்டு நான்கு வருடம் கோயம்புத்தூரில் போய்த் தங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பிரிட்டனில் இருப்பதுபோல, ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருப்பவர்கள் சம்பளத்தோடு படிக்க ஒரு வழி இங்கே வர வேண்டும் என்பது என் ஆசை. க.விலக்கில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நோயாளிகளுக்குக் குறைவில்லை, அங்கேயே இந்தப் படிப்பும் வந்தால் என்ன? மனு எழுதச் சங்கம் தயாரென்றால் முதல் கையெழுத்து என்னுடையது.

அதுவரைக்கும் என்ன செய்யலாம்? கற்றுக்கொண்டு உதவியாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு, இந்திய மறுவாழ்வுக் குழுமம் 2021இல் தொடங்கிய ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்று இருக்கிறது. சமூகம் சார்ந்த மறுவாழ்வுப் பணியாளருக்கானது. அதைப் படித்தால் தெரபிஸ்ட் ஆகிவிட முடியாது, அவர்களும் அப்படிச் சொல்வதில்லை. தென்காசி பக்கம் ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தில் கிராமத்துப் பெண்களே பணியாளர்களாக வீடு வீடாகப் போகிறார்கள். பின்னால் நின்று வழிநடத்துவது பயிற்சி பெற்ற தெரபிஸ்ட்கள். இந்த மாதிரியான வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள், முன்பணத்தைவிடப் பஸ் கட்டணம் குறைவு.

ப்ளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லையே என்று வீட்டில் இழவு விழுந்தமாதிரி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இந்தப் படிப்பின் பெயர் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. வேலூர் சி.எம்.சி., கோவை, காட்டாங்குளத்தூர், முட்டுக்காட்டிலுள்ள மத்திய அரசு நிறுவனம் என்று இடங்கள் இருக்கின்றன. சேர்க்கை விதியும் பாடத்திட்டமும் இப்போது மாறிவருவதால், அந்தந்த வருட விளக்கக்குறிப்பேட்டை வாங்கிப் படித்துவிட்டே முடிவெடுங்கள். கல்லூரிக்குப் போனால் கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். பல்கலைக்கழக இணைப்பு எது, பயிற்சிக்கு எந்த மருத்துவமனை, அங்கே ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகள், கூடவே நிற்கும் தெரபிஸ்ட்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அடுத்த கல்லூரிக்கு வண்டியைத் திருப்புங்கள்.

அந்த மூன்று பேரில் ஒருவர், மாமியாரைக் கவனித்துக்கொள்பவர், கடைசியில் வேறொன்றும் கேட்டார். "பட்டம் கிடக்கட்டும் அக்கா, அத்தையைத் தூக்கி உட்காரவைப்பது எப்படின்னு மட்டுமாவது சொல்லிக்கொடுங்க." அதற்குக் கல்லூரி வேண்டியதில்லை. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே ஹாலில் ஒரு கட்டில் போடச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் முடியாதவர்கள் இருப்பவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருப்பவர்கள் அந்த ஆளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். ஆணி அடித்த பலகையும் கொண்டுவருகிறேன், ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிப் பாருங்கள். வெங்காயம் மட்டும் ஆளுக்கு இரண்டு எடுத்து வந்துவிடுங்கள்.