மூன்றில் ஒரு டிகிரி

1987 மார்ச் 6, மாலை நேரம். பெல்ஜியத்தின் சீப்ரூக் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் டோவருக்குக் கிளம்பியது 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்'. பயணிகளோடு கார், லாரிகளையும் ஏற்றிச் செல்லும் கப்பல். அதன் அணியம், அதாவது முன்பக்கம், பின்பக்கத்தைவிட ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. கப்பலின் நீளம் சுமார் 130 மீட்டர். கணக்குப் போட்டால் சாய்வு ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்குதான்.

நேயர்களே, முன்பின்னாக ஏற்படும் இந்தச் சாய்வைக் கப்பல்காரர்கள் 'டிரிம்' என்பார்கள். கப்பலின் இரு முனைகளிலும் மிதவை ஆழத்தைக் காட்டும் எண்கள் எழுதப்பட்டிருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் டிரிம். அதை நீளத்தால் வகுத்தால் கோணத்தின் டேன் மதிப்பு கிடைத்துவிடும்.

பாரத்தை நகர்த்தும் முன்பே கோணத்தைச் சொல்ல முடியுமா? முடியும். அதற்கு வழிகாட்டியவர் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே. 1746-இல் வெளிவந்த நூலில் அவர் 'மெட்டாசென்டர்' என்ற புள்ளியை விளக்கினார். கப்பலின் எடை மையத்துக்கு மேல் அந்தப் புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவுக்குக் கப்பல் சாய மறுக்கும். பக்கவாட்டில் இந்த உயரம் பெரும்பாலும் ஓரிரு மீட்டர்தான். நீளவாட்டிலோ ஏறக்குறைய கப்பலின் நீளத்தையே எட்டும்.

100 மீட்டர் நீளமும் 5,000 டன் எடையும் கொண்ட கப்பலை எடுத்துக்கொள்வோம். நீளவாட்டு உயரம் 120 மீட்டர். 50 டன் சரக்கை 60 மீட்டர் பின்னுக்கு நகர்த்துகிறார்கள். ஐம்பதை அறுபதால் பெருக்கினால் 3,000. ஐயாயிரத்தை நூற்றிருபதால் பெருக்கினால் 6 லட்சம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.005; இதுவே கோணத்தின் டேன் மதிப்பு. இதைக் கப்பலின் நீளத்தால் பெருக்கினால், டிரிம் மாறுவது 50 சென்டிமீட்டர்; கோணம் 0.29 டிகிரி.

சீப்ரூக்கில் நடந்தது என்ன? அங்கிருந்த சாய்வுப்பாலம் கப்பலின் மேல் வாகனத் தளத்துக்கு எட்டவில்லை. எனவே அணியத்தின் தொட்டிகளில் நீர் நிரப்பிக் கப்பலைத் தாழ்த்தினார்கள். அந்த நீரை முழுதும் வெளியேற்றுமுன் கப்பல் புறப்பட்டது. முன்கதவுகளும் திறந்தே கிடந்தன. வேகம் கூடியதும் கடல்நீர் வாகனத் தளத்துக்குள் பாய்ந்து ஒரு பக்கமாகச் சேர, சில நிமிடங்களுக்குள் கப்பல் கவிழ்ந்தது. இறந்தவர்கள் 193 பேர்.

முதற்காரணம் திறந்த கதவுதான். ஆனால் தாழ்ந்திருந்த அணியம் அலைக்கு வழியை எளிதாக்கிற்று. புறப்படும் முன் மிதவை ஆழத்தை யாரும் படிக்கவில்லை என்பதையும், பதிவேட்டில் தவறான எண்களே இருந்தன என்பதையும் விசாரணை வெளிக்கொண்டுவந்தது.

இதையடுத்து, சோலாஸ் என்னும் சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் 1988-இல் திருத்தப்பட்டது. பயணிகள் கப்பலில் பாரம் ஏற்றி முடித்ததும், டிரிமையும் நிலைப்பையும் கணித்துப் பதிவு செய்த பிறகே கேப்டன் துறைமுகத்தை விட்டுக் கிளம்பவேண்டும் என்பது இன்று விதி.